குழந்தையும் கூண்டும்: ஜெர்மானிய வீடுகளின் இருநூறு ஆண்டுக் கதை

1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தம் மூன்று வயது மகன் கார்லுக்குப் படப்புத்தகம் வாங்கப் போனார். மனதுக்குப் பிடித்த ஒன்றும் கிடைக்கவில்லை. வெற்று நோட்டு ஒன்றை வாங்கிவந்து, தாமே கதை எழுதிப் படமும் வரைந்து பிள்ளைக்குக் கொடுத்தார். மறு ஆண்டு அச்சேறிய அந்தப் புத்தகம்தான் 'ஷ்ட்ரூவெல்பேட்டர்'. அதில் ஃப்ரீட்ரிஷ் என்றொரு முரட்டுப் பையன் வருகிறான். ஈயைப் பிடித்தால் இறக்கையைப் பிய்ப்பான், பறவையைக் கண்டால் அடித்துக் கொல்வான். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பெரிய நாயைச் சாட்டையால் விளாசுகிறான். நாய் அவன் காலைக் கவ்விவிடுகிறது. பையன் படுக்கையில் கிடந்து கசப்பு மருந்து குடிக்க, நாய் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து அவன் சாப்பாட்டை ருசித்துத் தின்கிறது.

குழந்தைக்கும் பிராணிக்கும் இடையே என்ன உறவு இருக்கவேண்டும் என்ற கேள்வி ஜெர்மானிய வீடுகளில் எத்தனை பழையது என்பதற்கு இந்தக் கதை ஒரு சான்று. இன்று அதே நாட்டில், பதினாறு வயது நிறையாத பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எலி போன்ற சிறு பிராணியான ஹாம்ஸ்டரைக்கூட யாரும் கொடுக்க முடியாது. விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11சி பிரிவு அதைத் தடுக்கிறது. நடுவிலிருந்த காலத்தில் குழந்தைகளுக்கென்று வீட்டுக்குள் வந்த பிராணிகள் பல. வீட்டின் அளவு, அப்பாவின் தொழில், அரசின் சட்டம் என ஒவ்வொன்றும் அந்தத் தேர்வில் கைவைத்திருக்கிறது. பிராணிக்கு என்ன தேவை என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது.

விலங்குகளுக்காக முதல் குரல் தேவாலயத்திலிருந்து எழுந்தது. கிறிஸ்டியான் ஆடம் டான் என்ற லூத்தரன் போதகர் 1822இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். வாயில்லா ஜீவன்களே மனிதர்களைப் பார்த்து மன்றாடுவதுபோல அமைந்த நூல் அது. வண்டி மாட்டையும் குதிரையையும் அடிப்பது அன்று எல்லா ஊர்களிலும் அன்றாடக் காட்சி. பாவம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு நிறுத்தாமல் அதை அச்சிட்டுப் பரப்பினார் டான். 1837இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு அவருடைய நண்பரும் போதகருமான ஆல்பர்ட் க்னாப், ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மனியின் முதல் விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1841இல் பெர்லினிலும் ஒரு சங்கம் எழுந்தது. பிராணியைத் துன்புறுத்தும் சிறுவன் வளர்ந்து மனிதர்களையும் துன்புறுத்துவான் என்ற கவலை அந்தச் சங்கங்களை இயக்கியது. ஹோஃப்மனின் ஃப்ரீட்ரிஷ் அந்தக் காலத்துப் பிள்ளை.

ஆனால் நகரத்துச் சாதாரணக் குடும்பத்தின் வீட்டில் எந்தப் பிராணி இருந்தது? நாய் வளர்க்கச் செலவு அதிகம். 1810இலேயே பிரஷ்யா நாயை ஆடம்பரப் பொருளாக்கி வரி விதித்துவிட்டது. அந்த நாய் வரி இன்றும் ஊராட்சிகளும் நகராட்சிகளும் வசூலிக்கும் வரியாக நீடிக்கிறது. ஆகவே சன்னலோரம் ஒரு கூண்டு, அதற்குள் பாடும் பறவை என்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியானது.

அப்படிப் பாடிய கேனரியின் ஊர் ஹார்ஸ் மலைத்தொடரில் இருக்கும் சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க். வெள்ளிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. அங்கே 1521இல் தொடங்கிய சாம்சன் சுரங்கம் நூற்றாண்டுகள் போகப் போக 800 மீட்டருக்கும் கீழே இறங்கியது. டிரோல் பகுதியிலிருந்து பிழைக்கவந்த சுரங்கத் தொழிலாளர்களே கேனரிப் பறவையை அங்கு கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். சுரங்கக் கூலி குடும்பத்துக்குப் போதாது. மலையின் குளிர்காலமோ நீண்டது. அடுப்பு எரியும் ஒரே அறையில் குடும்பமும் பறவைகளும் சேர்ந்து வாழ்ந்தன. முட்டையிடுவதையும் குஞ்சு பொரிப்பதையும் பெண்களும் பிள்ளைகளும் கவனித்துக்கொண்டார்கள். மரக்குச்சிகளைச் சீவிச் சிறு கூண்டுகள் செய்வதும் வீட்டுத் தொழிலானது.

குஞ்சுகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர மூத்த சேவல் ஒன்று இருக்கும். சேவல் குஞ்சுகளைத் தனித்தனிச் சிறு கூண்டில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்து, அந்த மூத்த பறவை பாடுவதைக் கேட்கச் செய்வார்கள். அலகைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே மெல்லிய குரலை உருட்டி உருட்டிப் பாடும் 'ஹார்ஸர் ரோலர்' வகை இப்படித்தான் உருவானது. வில்ஹெல்ம் ட்ரூட்டே என்ற ஆண்ட்ரியாஸ்பெர்க் வளர்ப்பாளரின் பறவைகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தனி மதிப்பே இருந்தது. வியாபாரிகள் நூற்றுக்கணக்கான சிறு கூண்டுகளை ஒரு மரச்சட்டத்தில் அடுக்கி முதுகில் சுமந்து மலையிறங்கினார்கள். ஆல்ஃபெல்ட் ஊரைச் சேர்ந்த ரைஷெ, ரூஹெ குடும்பங்கள் அவற்றைக் கப்பலேற்றி நியூயார்க்கில் விற்றன. பல்லாயிரக்கணக்கான கேனரிகள் இப்படிக் கடல் கடந்தன. சாம்சன் சுரங்கம் 1910இல் மூடப்பட்டது. அந்த வளாகத்திலேயே இன்று கேனரிக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நகரத்துப் பெற்றோருக்குக் கேனரி எல்லா வகையிலும் தோதாக இருந்தது. சிறியது, கடிக்காது, வெளியே அழைத்துப்போக வேண்டாம், தினமும் தண்ணீரும் தானியமும் மாற்றினால் போதும். அந்த வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். காட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் அடைக்கும் வழக்கமும் கூடவே இருந்தது. 1888இல் வந்த பறவைப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கடிவாளம் போடத் தொடங்கியதும், கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைக்கு மவுசு கூடியது.

கூண்டுக்கு அடுத்து வந்தது கண்ணாடித்தொட்டி. எமில் அடோல்ஃப் ராஸ்மெஸ்லர் தாராண்ட் வனக்கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். 1848 புரட்சியில் பிராங்பர்ட் நாடாளுமன்ற உறுப்பினரானார். புரட்சி தோற்றதும் பேராசிரியர் வேலை போயிற்று. பிறகு லைப்ஸிக் நகரில் எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்ட அவர், 'டி கார்ட்டன்லாவ்பெ' என்ற குடும்ப வார இதழில் 1856இல் வீட்டில் நன்னீர்த் தொட்டி அமைப்பது எப்படி என்று எழுதினார். நீர்ச்செடியும் நத்தையும் மீனும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் சிறு ஏரியை மேசைமீது உருவாக்கலாம் என்பது அவருடைய செய்தி. மறு ஆண்டு அது புத்தகமாகவும் வந்தது. அரசியலில் தோற்றவர், அறிவியலைச் சாமானியரின் கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

பள்ளிகளும் இந்த வழியில் நடந்தன. கீல் நகர ஆசிரியர் ஃப்ரீட்ரிஷ் யுங்கெ 1885இல் ஊர்க்குளத்தை ஒரே உயிர்ச்சமூகமாகப் பார்க்கக் கற்பிக்கும் நூலை எழுதினார். செத்த உயிர்களின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, உயிருள்ளவை எதைத் தின்கின்றன, எங்கே ஒளிகின்றன, எதை நம்பி வாழ்கின்றன என்று பிள்ளைகள் கவனிக்கவேண்டும் என்றார். மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டையே உலகுக்குக் கொடுத்த ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல், ஏற்கெனவே சிறுபிள்ளைகளுக்குத் தோட்டப்பாத்தி ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அவருடைய உறவினரும் மாணவியுமான ஹென்ரியட்டே ஷ்ரேடர்-ப்ரைமன், பெர்லினில் தொடங்கிய பெஸ்டலோட்ஸி-ஃப்ரோபெல் இல்லத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். அங்கே ஒரு மாதம் முழுக்க ஒரு செடியையோ பிராணியையோ மையமாக வைத்துப் பாடமும் விளையாட்டும் வேலையும் நடந்தன. பிள்ளைகள் பிராணியைக் கவனிப்பது கல்வியின் ஒரு பகுதியாகவே ஆனது.

லைப்ஸிக் நகரில் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் எர்ன்ஸ்ட் இன்னொசென்ட்ஸ் ஹவுஷில்ட் 1864இல் பெற்றோரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். மறைந்த மருத்துவர் ஷ்ரேபரின் பெயரைத் தாங்கிய அந்தச் சங்கம், நகரத்துப் பிள்ளைகள் விளையாட ஒரு திடலை ஏற்படுத்தியது. திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று சிறு பாத்திகளை அமைத்தார் கெஸல் என்ற ஆசிரியர். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. களை மண்டியது. பெற்றோர் மண்வெட்டியை எடுத்தார்கள். பிள்ளைப் பாத்தி குடும்பப் பாத்தியானது. இன்று ஜெர்மனி எங்கும் காணும் 'ஷ்ரேபர்' தோட்டங்களின் தொடக்கம் அதுதான். நாய்க்குட்டி கேட்டு அடம்பிடித்த பிள்ளை மூன்றாம் மாதம் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதையும், அம்மா காலை ஆறு மணிக்கு நாயோடு தெருவில் நிற்பதையும் அறிந்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பாத்திகளின் கதை எளிதில் புரியும்.

தொழிலாளர் குடியிருப்புகளில் நிலைமை வேறு. ரூர் நிலக்கரிப் பகுதியில் கொல்லைப்புறத்துக் கொட்டிலில் ஆடு நின்றது, அதற்குச் 'சுரங்கத் தொழிலாளியின் பசு' என்று பெயர். கூரைமேல் பந்தயப் புறா பறந்தது. வரிசை வரிசையாய்ப் பெட்டிகளில் முயல்கள் இருந்தன. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் ரயில் பாதை ஓரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் புல்லறுத்து மூட்டையோடு வீடு திரும்புவார்கள். பெயர் வைத்து, தடவிக் கொடுத்து வளர்த்த முயல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். குட்டியிலிருந்து தான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடா கோயில் கொடைக்குப் போனபோது கொல்லையில் நின்று அழுத பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறியும். அதே துயரம் ரூர் பகுதிப் பிள்ளைக்கும் இருந்தது. இரண்டு உலகப்போர்க் காலங்களிலும் அந்த முயல்கள்தான் பல வீடுகளில் பசியை ஓட்டின. பின்னர் கிழக்கு ஜெர்மனியில் 1959இல் அமைந்த தோட்டக்காரர், சிறுகால்நடை வளர்ப்போர் சங்கமும் இந்த மரபைத் தொடர்ந்தது. உறுப்பினர்கள் வளர்த்த முயலையும் எடுத்த தேனையும் அரசே விலைக்கு வாங்கியது.

இந்த வரலாற்றில் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1933 நவம்பரில் நாஜி அரசு விரிவானதொரு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, உலகின் முன் பெருமையும் பேசியது. அதே அரசு 1942 மே மாதத்தில், யூதர்கள் நாய், பூனை, பறவை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று ஆணையிட்டது. பிறரிடம் கொடுத்துப் பிழைக்கவைக்கவும் அனுமதியில்லை. ட்ரெஸ்டன் நகரில் வாழ்ந்த மொழியியல் பேராசிரியர் விக்டர் க்ளெம்பரரும் அவர் மனைவி ஏவாவும் முஷெல் என்ற பூனையைப் பல ஆண்டுகளாக வளர்த்துவந்தார்கள். அரசின் கையில் ஒப்படைப்பதைவிட மேல் என்று, ஏவா அதை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் உயிர்பிரியச் செய்தார். தம் நாட்குறிப்பில் க்ளெம்பரர் அதைப் பதிந்திருக்கிறார். எத்தனையோ யூதக் குழந்தைகள் தங்கள் உயிருக்கே ஆபத்து வருவதற்குச் சற்று முன்பு தங்கள் நாயையும் கேனரியையும் பறிகொடுத்தார்கள். விலங்குகளுக்காகச் சட்டம் எழுதிய கைகள் இரக்கமுள்ள கைகளாகத்தான் இருக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

போர் முடிந்தது. இடிந்த நகரங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. சிறிய அறைகள், கண்டிப்பான வீட்டு உரிமையாளர்கள், மாடிப்படியில் சத்தம் கூடாது என்ற விதிகள். 1950களிலும் 60களிலும் அந்த வீடுகளுக்குப் பொருத்தமாக அமைந்தது ஆஸ்திரேலியாவின் சிறு கிளி. தமிழ்நாட்டுக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, அதேதான். 1840இல் ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த இப்பறவை, கேனரியின் இடத்தை மெல்லப் பிடித்தது. அதன் காலில் எண் பொறித்த வளையம் இருக்கும். 1929, 1930ஆம் ஆண்டுகளில் கிளிக்காய்ச்சல் பல நாடுகளில் பரவி மனிதர்களையும் கொன்றதையடுத்து, 1934இல் ஜெர்மனி இயற்றிய சட்டம் வளர்ப்பாளர்களுக்கு உரிமத்தையும் பறவைக்கு வளையத்தையும் கட்டாயமாக்கியிருந்தது. 2012வரை அது நடைமுறையில் இருந்தது.

அடுத்த விருந்தாளி சிரியாவிலிருந்து வந்தது. 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர், ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வுக்காக அலெப்போ அருகே வயலைத் தோண்டி ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். அவற்றில் பிழைத்த சிலவற்றின் சந்ததிதான் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் பெருகியது. போருக்குப் பின் ஜெர்மனிக்கு வந்த பொன்னிற ஹாம்ஸ்டர் குழந்தைகள் அறையைப் பிடித்துக்கொண்டது. பெட்டியளவு கூண்டு, சுற்றுவதற்கு ஒரு சக்கரம், ஒரு கைப்பிடி விதை. வாடகை வீட்டிலும் இதற்குத் தடையில்லை. ஹாம்ஸ்டரையும் ஆமையையும்கூடக் கேட்டுத்தான் வளர்க்கவேண்டும் என்ற வகையிலான ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 2007இல் ஜெர்மனியின் உயர்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றம் உறுதிசெய்தது. 2013இல் அதே நீதிமன்றம் நாய், பூனைகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் வாசகத்தையும் செல்லாதென்றது. கெல்சன்கிர்ஷன் நகரத்து வாடகைக் குடும்பம் ஒன்றின் சிறு கலப்பின நாயைப் பற்றிய வழக்கு அது.

ஆனால் ஹாம்ஸ்டர் இரவில் விழிக்கும் உயிர். தனித்து வாழும் இயல்புடையது. பிள்ளை பள்ளிவிட்டு வந்து எழுப்பித் தூக்கும் நேரம் அதற்கு நடு இரவு போன்றது. திடுக்கிட்டால் கடிக்கும். கினிப்பன்றிக்கோ தனிமை ஆகாது, கூட்டமாக வாழ்ந்த இனம். முயலைத் தூக்கி அணைத்தால் அது அமைதியாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் இரையாகப் பிறந்த உயிர் பயத்தில் உறைந்துபோவதுதான் அது. உதைத்துத் துள்ளினால் கீழே விழுந்து முதுகெலும்பு முறியும். கூண்டு சிறியது, விலை குறைவு, ஆகவே குழந்தைக்கு ஏற்றது என்று ஒரு தலைமுறை போட்ட கணக்கு தவறு என்பதைக் கால்நடை மருத்துவர்களும் காப்பக ஊழியர்களும் பொறுமையாக எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. 1956 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பிராங்பர்ட் விலங்குக்காட்சிச்சாலையின் தலைவர் பெர்ன்ஹார்ட் க்ர்ஸிமெக் தொலைக்காட்சி அரங்கத்துக்கு உயிருள்ள பிராணிகளோடு வந்து பேசினார். விலங்குகளின் இயல்பைப் பற்றிய பேச்சை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது.

1972இல் மேற்கு ஜெர்மனி புதிய விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தகுந்த காரணமின்றி எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ தரக்கூடாது என்பதும், வளர்ப்பவர் அதன் இயல்புக்கேற்ற உணவும் இடமும் தரவேண்டும் என்பதும் அதன் அடித்தளம். அதே 1972இல்தான் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது இன்று அச்சட்டப்படி குற்றம். ஜோசியக்காரரின் கூண்டிலும் வீட்டுத் திண்ணையிலும் கிளியைப் பார்த்தே வளர்ந்த பலருக்கு இது தெரியாது. ஜெர்மனியில் 1990இல் குடிமைச் சட்டம் விலங்கைப் பொருட்களின் பட்டியலிலிருந்து விலக்கியது. 2002இல் விலங்குப் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே அரசின் கடமையாக இடம்பெற்றது.

சட்டம் ஒரு பக்கமிருக்க, தாயும் தந்தையும் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். 1960களில் ஸ்டுட்கார்ட்டில் பிள்ளைகளுக்கான பண்ணைகள் தோன்றின. 1981இல் மேற்கு பெர்லினின் க்ராய்ஸ்பெர்க் பகுதியில், பெர்லின் சுவரை ஒட்டிக் கிடந்த வெற்றுநிலத்தில் அக்கம்பக்கத்துப் பெற்றோர் ஒரு குழந்தைப் பண்ணையை உருவாக்கினார்கள். ஆடு, கோழி, முயல் என்று பிராணிகள் அங்கே தம் இனத்தோடு வாழ்கின்றன. அடுக்குமாடிப் பிள்ளை வந்து தொழுவத்தைக் கூட்டும், தண்ணீர் வைக்கும், வீடு திரும்பும். பிள்ளைக்குச் சலித்துவிட்டால் பிராணி பட்டினி கிடக்காது. சிறு பிள்ளைக்கு எந்தப் பிராணி என்ற கேள்விக்கு ஜெர்மனி கண்ட விடைகளில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிகள் நெருங்கிவரும் இந்நாளில் இங்கேயும் இதை யாராவது தொடங்கவேண்டும்.

இன்று ஜெர்மனியின் வீடுகளில் ஏறத்தாழ 3.4 கோடிப் பிராணிகள் வாழ்கின்றன. பூனைகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல், நாய்கள் ஒரு கோடிக்கும் மேல். வேண்டாமென்று விடப்படுபவையும் இருக்கின்றன. பெர்லினின் ஃபால்கன்பெர்க்கில் 2001இல் திறந்த காப்பகம் 16 ஹெக்டேர் பரப்புள்ளது, ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றில் ஒன்று. கிறிஸ்துமஸ் நாட்களில் பல காப்பகங்கள் பிராணிகளைத் தத்துக்கொடுப்பதை நிறுத்திவைக்கின்றன. பரிசுப்பொட்டலமாகப் போன குட்டி ஜனவரியில் திரும்பிவருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

காப்பகத்துக்கு வரும் குடும்பத்திடம் ஊழியர்கள் நிறையக் கேட்பார்கள். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா, விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வார்கள், பகலில் எத்தனை மணி நேரம் வீடு பூட்டிக்கிடக்கும், மருத்துவச் செலவுக்குப் பணம் உண்டா, பிள்ளையின் வயது என்ன. நாய் எவ்வளவு சாதுவானாலும் சிறு பிள்ளையோடு தனியே விடக்கூடாது என்பதை மறக்காமல் சொல்வார்கள். பிராணியை முதலில் பலமுறை வந்து பார்த்துப் பழகச் சொல்வதும் உண்டு. ஹம், டார்ட்முண்ட், பெர்லின் நகரங்களில் வேரூன்றிவிட்ட ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இதே வரிசையில் நின்று இதே கேள்விகளைக் கேட்டு வளர்கிறார்கள்.

கேனரியின் ஊர் அடங்கிய லோயர் சாக்ஸனி மாநிலம் இன்னும் கண்டிப்பானது. 2013 ஜூலை முதல், அங்கே புதிதாக நாய் வளர்க்கப்போகிறவர் தேர்வு எழுதவேண்டும். நாயை வாங்குவதற்கு முன் எழுத்துத் தேர்வு, வாங்கிய முதல் ஆண்டுக்குள் நாயோடு சேர்ந்து செய்முறைத் தேர்வு. நாயின் உடலில் அடையாளச் சில்லு பொருத்தவேண்டும், அது பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்குக் காப்பீடும் எடுக்கவேண்டும். நாய்க்குட்டி வேண்டுமென்று கேட்டது ஆறு வயது மகளாக இருக்கலாம். தேர்வுக்குப் படித்து, மண்டபத்தில் உட்கார்ந்து, நாயின் காதும் வாலும் என்ன சொல்கின்றன என்ற கேள்விக்கு விடை எழுதவேண்டியவர் அவளுடைய அம்மாவோ அப்பாவோதான்.